பயத்துக்கு ஓர் உருண்டை

அந்த வீட்டு சோபாவைக் கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். மெத்தைக்கு அடியில் கம்பளி நூல் இருக்கும். நூல் இருந்தால் பரவாயில்லை, அதில் குத்திவைத்த பின்னல் ஊசியும் சில சமயம் இருக்கும். கொல்கத்தாவில், டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு எதிர் வீடு. முதல் நாள் தட்டாமல் உட்கார்ந்து நான் துள்ளி எழுந்தபோது, "குத்திருச்சாட்டி? ரத்தம் வருதா? டி.டி. ஊசி போட்டிருக்கியா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் அந்த அக்கா என் பெயரைக் கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். ஈரோட்டிலிருந்து போயிருந்தேன். என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை. அக்காவின் வீட்டுக்காரருக்கும் அதே ஆபீஸ்தான், இவரைவிட ரொம்ப சீனியர். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். ஆன்ட்டி என்று கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார் என்று என் கணவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் எடுத்த எடுப்பிலேயே அக்கா என்று ஆரம்பித்துவிட்டேன். கட்டடத்தில் இருந்த பெங்காலிகளுக்கு அவர் பௌதி, நம் ஊரில் அண்ணி என்கிற மாதிரி. பிள்ளைகள் இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அக்காவைப் பயந்த சுபாவம் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். திருநெல்வேலிக்காரர். அதனால் கண்ணேறு, உச்சி வெயில், செவ்வாய்க்கிழமைப் பயணம், வெறும் வயிற்றோடு வெளியே போவது எல்லாவற்றுக்கும் பயம். கொல்கத்தாவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்ததில் அந்த ஊர்க்காரர்களின் குளிர் பயமும் சேர்ந்துகொண்டது. அங்கே நவம்பரில் லேசாகக் காற்று திரும்பியதுமே பெரிய பெரிய ஆபீசர்கள்கூடக் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி கேப்புக்குள் போய்விடுவார்கள். "டாண்டா லேகே ஜாபே", சளி பிடித்துவிடும் என்பதுதான் அந்த மாதங்களில் மாடிப்படியில் நான் அதிகம் கேட்ட பெங்காலி. அக்கா இரண்டு ஊர் பயத்தையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து வைத்திருக்கிறார் என்று என் கணவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் அம்மாவுக்குப் போன் போடுவார்கள். அக்கா நூல் வாங்குவார். வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடப்பு என்று டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்த அன்று, திரும்பி வரும் வழியில் பவானிபூரில் ஆட்டோவை நிறுத்தி ஆறு உருண்டை காப்பி நிறத்தில் வாங்கினாராம். கீழ் வீட்டுப் பையனுக்கு டெங்கு என்று தெரிந்ததும் நீலம். ஒரு தடவை புயல் வரப்போகிறது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தெருவே மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் வாங்கக் கடைக்கு ஓடியது. அக்கா கரியாஹாட் நடைபாதைவரை நனைந்துகொண்டே போய்க் கரும்பச்சையில் நூல் வாங்கி வந்தார். "என்னங்கக்கா இது, இந்த மழையில" என்று கேட்டேன். "கையில இருந்துச்சுன்னா ஒரு தைரியம்" என்றார். மெழுகுவத்தி நாங்கள்தான் கொடுத்தோம்.

பின்னவும் செய்தார். கை ஓயாது. ஆனால் ஒரு ஸ்வெட்டர் போட ஒரு மாதம் ஆகும், ஒரு பயம் வர ஒரு நிமிஷம் போதும். அதனால் நூல் ஏறிக்கொண்டே போனது. அதிலும் அக்காவுக்கு ஒரு விதி உண்டு. நூல் உருண்டையின் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தில் சாயம் ஏற்றிய லாட் நம்பர் போட்டிருப்பார்கள். ஒரே வெள்ளை என்று நாம் நினைப்போம். லாட் மாறினால் பாதி ஸ்வெட்டர் ஒரு வெள்ளை, மீதி வேறு வெள்ளை ஆகிவிடும். அதனால் எல்லா உருண்டையும் ஒரே லாட்தானா என்று கடைக்காரர் பொறுமை இழக்கும்வரை பார்ப்பார். தேவைக்கு மேல் ஓர் உருண்டை சேர்த்து வாங்குவார். வேலை முடிந்த பிறகு அந்தக் கூடுதல் உருண்டையைத் தொடவே மாட்டார். "தீத்துரப்படாது. யாருக்குப் போட்டமோ அவியளுக்கு ஒரு உருண்டை நம்ம வீட்ல கெடக்கணும். நாளைக்குக் கிழிஞ்சா தைக்கணும்லா?" என்பார். கிழிந்ததைக் கொண்டுவர ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் சொல்லாமல் விட்ட பாதி. அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

வீடெல்லாம் நூல்தான். சோபாவுக்குள், சூட்கேஸ்களில், குக்கர் வந்த அட்டைப் பெட்டியில், சாமி படங்களுக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் மேலாக ரிப்பேராகிப் போன வாஷிங் மெஷினுக்குள். மெஷினைச் சரி பண்ண ஆள் கூப்பிடலாமா என்று அவர் வீட்டுக்காரர் கேட்டால், "அதுல காத்து போகாதுல்லா, பூச்சி வராது" என்று மறுத்துவிடுவார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. துணியைக் கையால் துவைத்துக்கொண்டார்கள்.

மொத்த நூலையும் ஒரே சமயத்தில் நான் பார்த்தது துர்கா பூஜைக்கு அப்புறம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்கால ஈரம் போக எல்லா வீட்டுக்காரர்களும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையையும் கம்பளியையும் மொட்டை மாடியில் காய வைப்பார்கள். அக்கா பழைய புடவைகளை விரித்து நூலைப் பரப்பினார். மாடி போதவில்லை. தண்ணீர் டாங்கின் மேல்கூட வைத்தார். நாப்தலின் நெடி தெருவரைக்கும் போனது. ஒரு காக்கை வந்து காப்பி நிற உருண்டை ஒன்றைக் கொத்திக்கொண்டு ரயில் லைன் பக்கம் பறந்தது. நான் சிரிக்க வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படியே அடங்கிவிட்டேன். மறுநாள் அவர் வீட்டுக்காரரை ஆபீசுக்கு விடவில்லை. "அவிய நூலுல்லா போயிருக்கு" என்று வாசலில் நின்றார். அந்த மனுஷர் லீவு போட்டுவிட்டு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அக்கா பவானிபூர்வரை போய் அதே நிறத்தில் வாங்கி வந்தார். லாட் மாறியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, நான் உண்டாகும்வரைக்கும்.

ஐந்தாம் மாதத்திலேயே என் ரத்த அழுத்தம் ஏற ஆரம்பித்தது. கால் வீங்கியது. டாக்டரம்மா மீட்டரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி மீட்டரைப் பார்ப்பார். அவர் பெங்காலியில் நர்ஸிடம் என்ன சொன்னாலும் அது என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வேன். இதையெல்லாம் என் கணவரிடம் பாதிதான் சொன்னேன். ஈரோட்டில் அம்மாவிடம் கால்வாசி. அம்மாவுக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. சொல்லி என்ன பண்ண? அக்காவிடம் மட்டும் எப்படியோ முழுசும் சொல்லிவிடுவேன். கேட்கிற விதம் அப்படி. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்பார். அவர் ஊசியைக் கீழே போட்டு நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

ஆனால் குழந்தைக்கு என்று அவர் ஒரு கண்ணிகூடப் பின்னவில்லை. பிறக்காத பிள்ளைக்குத் துணிமணி எடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மாவும் போனில் அதையேதான் சொன்னார். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு பகல். அக்கா சிலிண்டர்காரரிடம் பேசக் கீழே போயிருந்தார். நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் கை சும்மா இருக்காது, போய் வாஷிங் மெஷினைத் திறந்தேன். உள்ளே பிள்ளை நிறங்கள். வெள்ளை, இளம்பச்சை, ரோஜா, வெளிர்நீலம். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். அக்கா கையெழுத்தில், "மொத ஸ்கேன்." அடுத்தது, "ரெண்டாவது ஸ்கேன். டாக்டர் மொகம் சரியில்லையாம்." அடுத்தது, "கால் வீக்கம்." இன்னொன்றில், "பிள்ள அசையலன்னு அழுதா. சாயந்தரம் அசஞ்சிட்டு."

என் கணவரிடம்கூடச் சொல்லாமல் நான் விழுங்கிய ஒவ்வொரு பயமும் அங்கே நாப்தலின் போட்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. மெஷினின் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் உருண்டை தனியாக இருந்தது. வெளிர் மஞ்சள். தொட்டால் மெத்தென்று இருந்தது. ஆனால் நூல் நேராக இல்லை, முழுக்கச் சுருள் சுருளாக நெளிந்திருந்தது. அதற்குள் காகிதம் எதுவும் இல்லை.

அக்கா உள்ளே வந்தபோது நான் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தேன்.

"எனக்கு என்னமோ ஆயிரும்னு எதிர்பாத்துட்டு இருக்கீங்களாக்கா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"இது நூலுதாம்ட்டி" என்றார். "துணி இல்லையே. துணிதான எடுத்து வைக்கப்படாது. நூலு வைக்கலாம்." யாரோ மேலே கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை அதையே சொன்னார்.

"அப்ப இது ஏனுங்கக்கா இப்படிச் சுருண்டு கெடக்குது?"

மஞ்சள் உருண்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். சோபாவைத் தட்டாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"பின்னுனத அவுத்தா அப்படித்தான் இருக்கும். எத்தன வருசம் ஆனாலும் நேராவாது. கரக்பூர் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப போட்டேன். சட்ட, குல்லா, சாக்ஸ், போத்திக்க ஷால். எட்டாம் மாசத்துலயே எல்லாம் முடிச்சு மடிச்சு வச்சுட்டேன். எல்லாம் ரெடியா இருந்துச்சு. பிள்ள மட்டும் உசுரோட வரல." உருண்டையை மடியில் வைத்துக்கொண்டார். "நாந்தான் முந்திட்டேன். அப்புறம் எல்லாத்தயும் அவுத்தேன். பூச்சி தின்னது போக இந்த ஒண்ணுதான் மிச்சம்."

ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்து என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த உருண்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கழுவினேன். பத்து நாள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. என் செக்கப் நாளன்று மட்டும், நான் ஆட்டோவில் ஏறும்போது, அவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஜனவரியில் ஒரு காலை எழுந்ததும் கண் மங்கியது. தலை இடித்தது. என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, எதிர் வீட்டுக் கதவைத் தட்டியது நான்தான். அக்கா செருப்புகூடப் போடாமல் கூடவே ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். எட்டு மாதம் முடியவில்லை. பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ. எனக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மத்தியானம் ஒரு நர்ஸ் என் கட்டிலுக்கு வந்து, "டுபி, மோஜா" என்றார். குல்லாவும் சாக்ஸும் வேண்டும். என் கணவர் ஓடிப்போய்க் கடையில் இருந்ததிலேயே சின்னதாகப் பார்த்து வாங்கி வந்தார். பத்து நிமிஷத்தில் நர்ஸ் அதைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். போட்டால் தாடைவரை இறங்குகிறதாம். இப்போதைக்குப் பஞ்சும் துணியும் சுற்றி வைத்திருக்கிறோம், உடம்பில் சூடு தங்க மாட்டேன் என்கிறது, வீட்டில் பின்னத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆப்னி கே?" என்றார். நீங்கள் யார்?

"மாஷி" என்றார் அக்கா. தாயின் சகோதரி.

அவ்வளவு நூல் வாங்கிய மனுஷியிடம் அன்றைக்குப் போட ஒரு குல்லா இல்லை. அக்கா வீட்டுச் சாவியை என் கணவரிடம் கொடுத்து, வாஷிங் மெஷினில் இருக்கிறது, ஓர் உருண்டையும் மெல்லிசான ஊசியும் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து அவர் மூச்சு வாங்க வந்து, பிளாஸ்டிக் பையை அக்கா மடியில் வைத்தார்.

"ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தேனுங்கக்கா. அடியில துணியில சுத்தி இது ஒண்ணுதான் மெத்துனு இருந்துது. பாப்பாவுக்கு உறுத்தாதுல்லங்க."

சுருள் சுருளான மஞ்சள்.

என் கணவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அவரிடம் சொன்னதில்லை. அக்காவின் கை பைக்குள் போனது, அப்படியே நின்றது. நான் தையல் வலியோடு தலையைத் தூக்கினேன்.

"வேண்டாங்கக்கா" என்றேன். "இது வேண்டாம். வேற எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி டாக்குரியா போய்த் திரும்ப ஒரு மணி நேரம். கண்ணாடி அறையில் சூடு தங்காமல் என் மகள் கிடந்தாள். எனக்கு அதுவும் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த நூல் அவள் தலையில் ஏறுவதைவிட அந்த ஒரு மணி நேரம் மேல் என்று என் புத்திக்குப் பட்டது. அக்காவின் பயம் எனக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

அக்கா உருண்டையைக் கையில் வைத்து ரொம்ப நேரம் உருட்டினார்.

"மத்ததெல்லாம் நான் பயந்து வாங்குனது" என்றார் கடைசியில். "இது ஒண்ணுதாம்ட்டி ஆசைல வாங்குனது."

நான் தலையைத் திரும்பத் தலையணையில் போட்டுக்கொண்டேன். அக்கா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊசியில் கண்ணி ஏற்ற ஆரம்பித்தார். குழந்தையின் தலை எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் என் தலைமாட்டில் இருந்த பழப் பையைக் காட்டி, ஒரு பெரிய கமலா, ஆரஞ்சுப் பழம் அளவு என்றார். அக்கா பையிலிருந்து பெரிதாக ஓர் ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான்கு வரிசை பின்னுவார், அதன் மேல் வைத்துப் பார்ப்பார். மறுபடி பின்னுவார். கண்ணி எண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணிக்கை தவறினால் எல்லாம் போய்விடும் என்கிற மாதிரி எண்ணினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே எண்ணினேன்.

நான்கு மணிக்குக் குல்லா உள்ளே போனது. நர்ஸ் வெந்நீரில் அலசி, சூடு காட்டி உலர்த்தி, உள்ளே மெல்லிய துணி வைத்துப் போட்டாராம். ஐந்தரைக்கு சாக்ஸ். குல்லாவுக்குக் கட்ட ஒரு கயிறும் திரித்தார். அதோடு நூல் முடிந்தது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் உருண்டை மிச்சம் வைக்கிறவர், வெறும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"தீந்துட்டுட்டி" என்றார். பிறகு என் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த ராத்திரி குழந்தையின் உடம்பில் சூடு தங்கியது. குல்லாவால் என்று டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. இருபத்து நான்கு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு வருவேன். மஞ்சள் அசைந்தால் குழந்தை அசைகிறது என்று அர்த்தம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அக்கா ஆரத்தி எடுத்தார், திருஷ்டி சுற்றினார். மறுவாரமே குழந்தை தும்மிவிட்டது என்று கரியாஹாட் போய் இரண்டு உருண்டை வாங்கி வந்தார். ஒரு நாளில் ஆள் மாறிவிடுவாரா என்ன? மாறவில்லை.

அப்புறம் எங்களுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அவர் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி, இருவரும் திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். அந்த வெயிலுக்கு ஒரு லாரியில் கம்பளி நூல் போனது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இப்போது நான் சேர்ந்து சிரிப்பதில்லை.

என் மகளுக்கு ஆறு வயதாகிறது. போன வாரம் ஸ்கூல் வேன் நாற்பது நிமிஷம் வரவில்லை. டிரைவர் போன் எடுக்கவில்லை. தெருமுனைவரை ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். வேன் டயர் பஞ்சராகி வேறு வேனில் குழந்தைகள் வந்து இறங்கியபோது என் கையில் ஒரு பை இருந்தது. தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் எப்போது நுழைந்தேன் என்றே நினைவில்லை. எனக்குப் பின்னத் தெரியாது. ஊசி பிடிக்கவே தெரியாது. ஆனால் பீரோவில் என் புடவைகளுக்குப் பின்னால், காய்ச்சலுக்கு வாங்கியது, அவள் படிக்கட்டில் விழுந்ததற்கு வாங்கியது என்று ஏற்கெனவே கொஞ்சம் நூல் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். வேன் விஷயத்தைச் சொன்னேன். பீரோ விஷயத்தையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இது எனக்கு வேண்டாங்கக்கா, இதை எப்படி விடுவது என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே லாட்டான்னு பாத்தியாட்டி?" என்று கேட்டார்.

பார்த்துத்தான் வாங்கியிருந்தேன்.